விடைப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள்

கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம் பக்கத்துப் பழைய பேப்பர் கடைகளில், பள்ளி ஆண்டு முடிந்ததும் குழந்தைகளின் புதிர்ப் புத்தகங்கள் கட்டுக்கட்டாக வந்து விழும். நேரம் இருந்தால் ஒன்றை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். குரங்குக்கு வாழைப்பழம் இருக்கும் இடத்துக்கு வழி காட்டச் சொல்லும் பக்கத்தில், பென்சில் கோடு எங்கும் முட்டாமல், எங்கும் திரும்பாமல், ஒரே போக்கில் பழத்தைப் போய்த் தொட்டிருக்கும். ஆறு வித்தியாசங்களைச் சுற்றி ஆறு வட்டங்கள், எல்லாம் ஒரே அளவில். ஐந்து வயதுப் பிள்ளை போடும் கோடு அப்படி இருக்காது. அது முட்டுச்சந்தில் போய் இடிக்கும். திரும்பி வரும். அதே சந்தில் இன்னொரு முறை நுழையும். அழித்து அழித்துத் தாள் தேய்ந்து ஓட்டை விழுந்திருக்கும். கோபம் வந்த இடத்தில் சுவரைத் தாண்டி ஒரு கோடு குறுக்கே பாய்ந்திருக்கும். அப்படிப்பட்ட பக்கங்கள் அந்தக் கட்டுகளில் அபூர்வமாகத்தான் கண்ணில் படுகின்றன.

பெற்றோரே, அந்த நேரான கோடு உங்களுடையது.

"பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன்" என்பீர்கள். அதில் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது? வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கலாம், சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுக்கலாம். தேடுவதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க முடியாது. தேட விடத்தான் முடியும். பிள்ளை படத்தின் மேல் குனிந்து, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, "நாலு கிடைச்சிடுச்சு, இன்னும் ரெண்டு" என்று முணுமுணுத்துக்கொண்டிருக்கிறது. பின்னால் நின்று அம்மா, "அந்தக் கொடியில பாரும்மா, எத்தனை துணி காயுது?" என்கிறாள். அப்பா கடைசிப் பக்கத்தைப் புரட்டி, தலைகீழாக அச்சிட்டிருக்கும் விடையைப் பார்த்துவிட்டு, "இதோ இருக்கு பாரு, பூனை வாலு. சீக்கிரம் முடி, ஹோம்வொர்க் இருக்கு" என்கிறார். ஆறாவது வித்தியாசம் தானாகக் கண்ணில் பட்டு உடம்பு துள்ளும் அந்த ஒரு நொடிக்காகத்தான் அந்தப் பக்கமே அச்சாகியிருக்கிறது. அந்த நொடியைப் பிள்ளையின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, பக்கம் முடிந்தது என்று திருப்திப்படுகிறீர்கள்.

நாற்பதைத் தாண்டியவர்கள் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அழ. வள்ளியப்பா ஆசிரியராக இருந்த கோகுலம், வாண்டுமாமாவின் பூந்தளிர், 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய முத்து காமிக்ஸ், வாரம் தவறாமல் செய்தித்தாளோடு வந்த சிறுவர்மலர். அவற்றில் வந்த புள்ளிகளை இணைக்கும் படத்துக்கும் குறுக்கெழுத்துக்கும் நீங்கள் எப்படி ஏங்கினீர்கள்! பல போட்டிகளுக்கு விடை அடுத்த இதழில்தான் வரும். நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இதைத்தான்: அந்த விடை உங்கள் அப்பாவுக்கும் தெரியாது. கேட்டால், "எனக்கென்னடா தெரியும், நீயே யோசி" என்பார். படித்தவரோ படிக்காதவரோ, உங்கள் வீட்டுப் பெரியவர்கள் உங்களுக்குச் செய்த பெரிய உபகாரம் அந்தத் 'தெரியாது'. இன்று நமக்கு எல்லாம் தெரிகிறது. தெரியாவிட்டால் போனைத் தட்டினால் போதும். போனைக் குற்றம் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வது சுலபம். பிள்ளை கேட்பதற்கு முன்பே அதைத் தட்டிக் காட்டும் விரல் யாருடையது?

இங்கே ஒரு புத்தகத்தின் கதையைச் சொல்ல வேண்டும். 1979-இல் இங்கிலாந்தில் கிட் வில்லியம்ஸ் என்ற ஓவியர் 'மாஸ்கரேட்' என்ற படப் புத்தகம் ஒன்றை வெளியிட்டார். மொத்தம் 15 ஓவியங்கள். சூரியனைக் காதலிக்கும் நிலா, தன் காதல் பரிசை ஒரு முயலிடம் கொடுத்தனுப்புகிறது. முயல் வழியில் அதைத் தொலைத்துவிடுகிறது. கதை அவ்வளவுதான். ஆனால் வில்லியம்ஸ் 18 காரட் தங்கத்தில், கற்கள் பதித்து, நிஜமாகவே ஒரு முயல் பதக்கம் செய்து அதை இங்கிலாந்தில் ஓரிடத்தில் புதைத்து வைத்தார். எந்த இடம் என்பது அந்த ஓவியங்களுக்குள் இருக்கிறது என்று அறிவித்தார். புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. குழந்தைகளும் பெரியவர்களும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார்கள்.

புதிரின் வழி அழகானது. படத்தில் இருக்கும் ஒவ்வொரு உயிரின் கண்ணிலிருந்தும் அதன் நீண்ட விரல் நுனி வழியாக ஒரு கோடு இழுக்க வேண்டும். கோடு போய்த் தொடும் இடத்தில், ஓவியத்தைச் சுற்றியுள்ள சட்டத்தில் ஓர் எழுத்து இருக்கும். எழுத்துகளைச் சேர்த்தால் சொற்கள். சொற்களைச் சேர்த்தால் ஆம்ப்ட்ஹில் என்ற ஊரில், ராணி கேத்தரினின் நினைவாக நிற்கும் சிலுவைத் தூணுக்குப் போய்ச் சேரலாம். பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளில், நண்பகலில், தூணின் நிழல் நுனி எங்கே விழுகிறதோ அங்கே முயல். கணக்கும் வானியலும் வரலாறும் ஓவியமும் ஒரே முடிச்சில்! எந்தப் பாடநூலும் ஒரு பிள்ளைக்கு இப்படி நான்கையும் கட்டிக் கொடுத்ததில்லை.

1982-இல் ஒருவர் முயலைத் தோண்டி எடுத்தார். கென் தாமஸ் என்று பெயர் சொல்லிக்கொண்டார். அது பொய்ப் பெயர். புதிரை அவர் விடுவிக்கவே இல்லை என்றும், ஓவியருக்கு முன்பு நெருக்கமாக இருந்த ஒருவர் மூலம் கசிந்த தகவலை வைத்துத்தான் அந்த ஊருக்குப் போனார் என்றும் 1988-இல் லண்டன் 'சண்டே டைம்ஸ்' எழுதியது. ஓவியங்களை மட்டுமே பார்த்து, கோடு இழுத்து, எழுத்து சேர்த்து, சரியான இடத்தைக் கண்டுபிடித்தவர்கள் இரண்டு இயற்பியல் ஆசிரியர்கள். அவர்கள் தோண்டிய மண்ணிலேயே முயல் இருந்திருக்கிறது; கண்ணில் படாமல் போய்விட்டது. தங்கம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் புத்தகத்தைப் பற்றி இன்று பேசுகிறவர்கள் அந்த இருவரைப் பற்றித்தான் மரியாதையோடு பேசுகிறார்கள்.

உங்கள் பிள்ளை இந்த இரண்டில் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள்? கேட்டால் ஆசிரியர்கள் பக்கம் என்பீர்கள். செய்வதோ, விடையை முன்கூட்டியே கசியவிடும் வேலை.

ஊரப்பாக்கத்தில் ஓர் அடுக்ககம். பிறந்தநாள் விழாவுக்குப் புதையல் வேட்டை வைத்திருந்தார்கள். பிள்ளையின் அத்தை துண்டுச் சீட்டுகளில் அழகாகக் குறிப்பு எழுதியிருந்தார். அதில் ஒன்று எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: 'பகலும் இரவும் எண்ணிக்கொண்டே இருப்பேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்னைப் பார்க்க ஒருவர் வருவார். அவர் போனதும் உங்கள் அப்பா பெருமூச்சு விடுவார். நான் யார்?' பன்னிரண்டு பிள்ளைகளும் மாடிப்படியில் நின்று முழித்தார்கள். ஒருத்தி கடிகாரம் என்றாள். இன்னொருவன், "கேலண்டர்டா, அதுதான் நாள் எண்ணும்" என்றான். "கேலண்டரைப் பார்க்க யாருடா வருவா?" என்று மூன்றாவது பிள்ளை மடக்கியது. எவ்வளவு அருமையான விவாதம்! இன்னும் ஒரு நிமிடம் விட்டிருந்தால் யாராவது ஒரு பிள்ளை, ரீடிங் எடுக்க வரும் ஆளை நினைத்திருக்கும். ஆனால் ஒரு தாய் பொறுக்கவில்லை. மகன் காதில் "ஈபி மீட்டர்" என்று கிசுகிசுத்தார். அவன் ஓடினான். மற்றப் பிள்ளைகளும் பின்னால் ஓடினார்கள். அடுத்த குறிப்பிலிருந்து எந்தப் பிள்ளையும் யோசிக்கவில்லை. எல்லாரும் அவரவர் அம்மா முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். பரிசு அவனுக்குத்தான். பரிசுப் பொட்டலத்தைப் பிரித்தபோது அவன் முகத்தில் பெரிய சந்தோஷம் ஒன்றையும் நான் பார்க்கவில்லை.

இதைவிட வருத்தமானது இன்னொன்று. புதிர்ப் புத்தகத்தை மூளையைக் கூர்மையாக்கும் மருந்து என்று நினைத்து வாங்குகிறோம். புத்தகக் கண்காட்சியில் பிள்ளை ஒரு கொள்ளையர் தீவு வரைபடப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கும். அதைக் கையிலிருந்து வாங்கி அடுக்கிலேயே திருப்பி வைத்துவிட்டு, 'ஒலிம்பியாட் ரீசனிங்' புத்தகத்தைக் கையில் திணிக்கிறோம். ஒலிம்பியாட் படிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வரைபடத்தில் குறுக்குக்கோடு போட்ட இடத்தை நோக்கி நகரும் விரலில் இருக்கும் ஆசைக்கு மதிப்பெண் போட முடியாது. மதிப்பெண் போட முடியாததை எல்லாம் வீண் என்று சொல்லிச் சொல்லியே பத்து வயதுக்குள் பிள்ளைகளைக் களைத்துப்போக வைத்துவிடுகிறோம்.

"இங்கே, மறைமலை நகர்ப் பக்கத்தில், என்ன இருக்கிறது தேட? ஃபோர்டு கம்பெனி 2022-இல் கார் உற்பத்தியை நிறுத்திவிட்டது, அடுக்ககங்கள் முளைக்கின்றன, ஜிஎஸ்டி சாலையில் லாரி ஓடுகிறது" என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். இந்த ரயில் பாதையை ஒட்டித்தான் இந்தியாவின் மிகப் பெரிய தேடல்களில் ஒன்று நடந்தது. 1863 மே 30 அன்று, பல்லாவரத்தில், ராணுவ மைதானத்துக்குப் பக்கத்தில் சரளைக்கல் தோண்டிய குழி ஒன்றில், ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற 28 வயது நிலவியலாளர் ஒரு கல்லை எடுத்தார். அது சும்மா உடைந்த கல் இல்லை, மனிதன் கையால் செதுக்கிய கோடரி. இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்குக் கிடைத்த முதல் சான்று அது. அதே ஆண்டு செப்டம்பரில், திருவள்ளூர்ப் பக்கம் அதிரம்பாக்கத்தில் இன்னும் பல கருவிகள் கிடைத்தன. பின்னாளில் சாந்தி பப்புவும் அவர் குழுவினரும் அங்கே அகழாய்ந்து, அங்குள்ள கருவிகளில் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை என்று 2011-இல் அறிவித்தார்கள். ஃபூட் சேர்த்தவை 1904-இல் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தன. எழும்பூருக்கு நம் ஊர் லோக்கல் ரயிலே போகிறது.

அந்தக் குழியை அதற்கு முன் எத்தனையோ பேர் தாண்டிப் போயிருப்பார்கள். ஃபூட் கண்ணில் மட்டும் ஏன் பட்டது? ஐரோப்பாவில் அப்படிப்பட்ட கல் கருவிகள் கிடைத்த செய்தியைப் படித்து, என்ன வடிவம் என்று தெரிந்து, கண்ணைத் தயாராக வைத்திருந்தார். குப்பைபோலக் கிடக்கும் நூறு கல்லில் வித்தியாசமான ஒன்றைக் கண்டுகொள்வது, இலைகளுக்குள் ஒளிந்திருக்கும் பத்து விலங்குகளைக் கண்டுபிடி என்ற பக்கத்தில் உங்கள் மகள் செய்யும் அதே வேலை. அவள் கண் பழகும் நேரத்தில்தான் நீங்கள் விரலை நீட்டிக் காட்டுகிறீர்கள்.

வேட்டைக்குக் குறிப்பு வேண்டுமா? நம் ஸ்டேஷனிலிருந்தே தொடங்கலாம். பெயர்ப் பலகையில் 'மறைமலை நகர் காமராஜர்' என்று இருக்கிறது. ஓர் ஊருக்கு இரண்டு மனிதர்கள். காமராஜரைப் பிள்ளைகளுக்குத் தெரியும். முதல் பெயர் யாருடையது? அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு; அது என்ன? அவர் பல்லாண்டுகள் வாழ்ந்த ஊர் இதே ரயில் பாதையில் இருக்கிறது. எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும்? நாகப்பட்டினத்தில் 1876-இல் பிறந்த வேதாசலம்தான் மறைமலையடிகள் என்பதும், அவர் பல்லாவரத்தில் வாழ்ந்தார் என்பதும், தினமும் இந்த ஸ்டேஷனில் ஏறி இறங்கும் எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? விடையை இங்கே உங்களுக்காகத்தான் எழுதியிருக்கிறேன். பிள்ளைக்குச் சொல்லிவிடாதீர்கள்.

அடுத்த குறிப்பும் அவர் வாழ்க்கையிலேயே இருக்கிறது. மறைமலையடிகள் தமிழாசிரியராக இருந்த சென்னைக் கிறித்துவக் கல்லூரி அப்போது நகருக்குள் இருந்தது. 1937-இல் கிழக்குத் தாம்பரத்துக்கு வந்துவிட்டது. அந்தக் கல்லூரியில் மறைமலையடிகளுக்கு மூத்த தமிழாசிரியராக இருந்தவர் பரிதிமாற் கலைஞர். அவர் சித்திரகவி விளக்கம் என்றொரு நூல் எழுதினார். சித்திரகவி என்பது எழுத்துகளைத் தேர் போலவும் பாம்பு போலவும் முரசு போலவும் வரைந்த படத்துக்குள் அடைத்துப் பாடும் பாட்டு. எங்கே தொடங்கி எந்தப் பக்கம் திரும்பி வாசித்தால் பாட்டு வரும் என்று படிப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். படத்துக்குள் புதிர் ஒளிப்பது வெளிநாட்டார் கண்டுபிடித்த விளையாட்டு என்று யாரும் நினைக்க வேண்டாம். தண்டியலங்காரம் இதற்கு இலக்கணமே வகுத்திருக்கிறது. இந்த ஒரு செய்திக்காகவே உங்கள் பிள்ளையிடம் ஒரு தேர் படம் வரைந்து கட்டம் போட்டுக் கொடுங்கள். தன் பெயரையும் தங்கை பெயரையும் ஓர் எழுத்தில் குறுக்கே சேர்த்து எழுதச் சொல்லுங்கள். தமிழ் எழுத்தில் தடுமாறும் பிள்ளைகூட அரை மணி நேரம் அசையாமல் உட்காரும்.

நம் ஸ்டேஷனிலிருந்து தெற்கே ஒரு ஸ்டேஷன் போனால் சிங்கபெருமாள் கோவில். கேள்வி இது: சந்நிதியை மட்டும் தனியாகச் சுற்றிவர அங்கே ஏன் முடியாது? பாறையைக் குடைந்த குகைக்குள் நரசிம்மர் இருப்பதால், பிரதட்சிணம் வர வேண்டுமானால் அந்தக் குன்றையே சுற்ற வேண்டும். நடந்து சுற்றிவந்த பிள்ளைக்குக் குடைவரை என்றால் என்ன என்று புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. இன்னும் தெற்கே, செங்கல்பட்டுக்குப் பக்கத்து வல்லத்தில், மகேந்திரவர்மன் காலத்துக் குகைக் கோயில் இருக்கிறது. அரசனுக்குக் கீழ்ப்பட்ட வயந்தப்பிரியரசரின் மகன் கந்தசேனன் செய்வித்தது. இதைத் தமிழில் சொல்லும் கல்வெட்டு அங்கேயே இருக்கிறது. 1,400 ஆண்டுக்கு முந்திய தமிழ் எழுத்தில் ஒன்றையாவது பிள்ளை அடையாளம் கண்டுவிட்டால், அதற்கு மேல் வேறு புதையல் வேண்டுமா?

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்லிக்கொடுங்கள். இந்த வேட்டையில் கண்ணுக்குத்தான் வேலை, கைக்கு இல்லை. பழைய இடத்தில் எதையும் கிள்ளக் கூடாது, கீறக் கூடாது, தோண்டக் கூடாது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்றும் இருக்கிறது. மண்ணுக்குள் மறைந்திருந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாகக் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இதைச் சொல்லிப் பாருங்கள், பிள்ளைகளின் கண் எப்படி விரிகிறது என்று! கலெக்டருக்கே கடிதம் எழுத வேண்டிய விளையாட்டு அவர்களுக்கு வேறெதுவும் கிடைக்காது.

"வெளியே அனுப்பப் பயமாக இருக்கிறது" என்பீர்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். ஜிஎஸ்டி சாலையில் பத்து வயதுப் பிள்ளையைத் தனியாகக் கடக்கச் சொல்ல எனக்கும் மனம் வராது. தெரு நாய்கள் இருக்கின்றன, மூடாத கால்வாய்கள் இருக்கின்றன. அதனால் கூடவே போங்கள். ஆனால் முன்னால் போகாதீர்கள். சாலை கடக்கும்போது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், கடந்ததும் விட்டுவிடுங்கள். தவறான தெருவில் திரும்பினால் நீங்களும் திரும்புங்கள். தெரு முடிந்து சுவர் வந்ததும் தவறென்று பிள்ளைக்கே தெரியும். அந்தத் தெருவில் அரை மணி நேரம் வீணானால் என்ன குடி முழுகிவிடும்? ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் நாம் எதில் செலவழிக்கிறோம் என்பது நம் வீட்டுச் சோபாவுக்குத் தெரியும். ஊட்டிவிட்டே வளர்த்த பிள்ளை பந்தியில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைப்போல, விடை காட்டியே வளர்த்த பிள்ளை வாழ்க்கையில் முதல் முட்டுச்சந்தைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிடும். அன்று போய், "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமையே இல்லை" என்று நீங்கள் புலம்பக் கூடாது. பொறுமையைப் பழக அதற்குக் கிடைத்த பக்கங்களை எல்லாம் நீங்கள்தான் பூர்த்தி செய்தீர்கள்.

ஆகவே கேட்கிறேன். அடுத்து வாங்கும் புதிர்ப் புத்தகத்தின் விடைப் பக்கங்களைக் கிழித்து பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். நீங்களும் பார்க்காதீர்கள். பிள்ளை ஒரு பக்கத்தில் மூன்று நாள் மாட்டிக்கொண்டால் மாட்டிக்கொள்ளட்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு துண்டுச் சீட்டில் ஒரே ஒரு குறிப்பு எழுதி, ரயில் டிக்கெட்டோடு கையில் கொடுங்கள். வழியில் திரும்பிப் பார்த்து, "இந்தப் பக்கமாப்பா, அந்தப் பக்கமாப்பா?" என்று கேட்டால், "எனக்குத் தெரியாது, நீ தேடு" என்று சொல்லுங்கள்.